முந்தின நாள் பீட்ரூட் கூடாது

ஜனவரி 20, திங்கள்

கம்பெனி கொடுத்த புது டைரி. இருபத்தாறு வருடமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை பார்க்கிறேன், வருடம் தவறாமல் ஒன்று கொடுக்கிறார்கள். வாடிக்கையாளர்களின் பிறந்தநாள், பாலிசி முதிர்வு தேதி, கல்யாண நாள் இவற்றைத் தவிர வேறெதையும் நான் எழுதியதில்லை. இந்த வருடம் சொந்த விஷயத்தையும் எழுதலாம் என்று இருக்கிறேன். தொழில் டைரி என்றால் ருக்மணி திறந்துகூடப் பார்க்க மாட்டாள்.

காலையில் பாத்ரூமில் சிவப்பாகக் கொஞ்சம். போன மாதமும் இரண்டு மூன்று தடவை இப்படித்தான். ருக்மணி செய்யும் பீட்ரூட் பொரியல்தான் காரணம். கடைசியாக எப்போது செய்தாள் என்று சரியாக ஞாபகம் இல்லை.

சென்னிமலை ரோடு விசைத்தறிக்காரர் மகனுக்குப் பாலிசி பேச வேண்டும். ஸ்கூட்டருக்குப் பின் டயர் மாற்ற வேண்டும்.

ஜனவரி 23, வியாழன்

விசைத்தறிக்காரர் வீட்டில் ஃபாரம் நிரப்பினேன். பையனுடைய அப்பா உயிரோடு இருக்கிறார், அம்மா இல்லை. எதனால் இறந்தார் என்று கேட்டேன். தகப்பனும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "எதையும் மறைக்காதீங்க. இப்ப மறைச்சா பின்னாடி உங்க குடும்பம்தானுங்க கஷ்டப்படோணும்." சர்க்கரை முற்றி கிட்னி போய்விட்டது என்று பெரியவர் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

என் அப்பாவுக்கு மாரடைப்பு. என் பாலிசியிலும் தங்கச்சி கோகிலவாணியின் பாலிசியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், இரண்டையும் நிரப்பியது நானேதான். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசியில் எல்லோருக்கும் நிற்பது இருதயம்தானே.

இன்றும் சிவப்பு.

ஜனவரி 27, திங்கள்

பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே தள்ளிப் போட வேண்டியிருக்கிறது. நடைப்பயிற்சியின் பலன். நடைப்பயிற்சியை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது, ஆனாலும் பழைய பலன் இருக்கும் அல்லவா.

கோயம்புத்தூரிலிருந்து கோகிலா பேசினாள். வயிறு மந்தமாக இருக்கிறது, போனாலும் போகாத மாதிரியே இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

"அண்ணா, குடல் கழுவறாங்கொ தெரியுமுங்களா? மெசின் வெச்சு. நான் மூணு வாட்டி போயிட்டு வந்தனுங்ணா. உடம்பு பஞ்சு மாதிரி ஆயிருச்சு. உங்க ஊர்லயே இருக்குது, போய்ப் பாருங்கொ."

"உனக்கு எதுக்கு அம்மிணி அதெல்லாம்?"

"எனக்கும் மந்தம்தானுங்ணா" என்று சிரித்தாள். பிறகு அவள் பையனுக்குப் பெண் பார்க்கும் பேச்சுக்குப் போய்விட்டாள்.

எனக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறது. டாக்டரிடம் போனால் கேள்வி கேட்பார்கள், இங்கே கழுவி அனுப்பிவிடுவார்கள். உள்ளே ஏதாவது ஒட்டிக்கொண்டு உரசிக்கொண்டிருந்தால் அதுவும் போய்விடும்.

ஜனவரி 29, புதன்

பெருந்துறை ரோட்டில் அந்த இயற்கை நல மையத்தைப் போய்ப் பார்த்தேன். வாசலில் துளசி, உள்ளே ஊதுபத்தி. செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். என்ன நடக்கும் என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நான்கு தடவை படித்துவிட்டேன். பாலிசி நிபந்தனைகளைக்கூட இப்படிப் படித்ததில்லை.

முந்தின நாள் கஞ்சி, பழம், இளநீர் மட்டும். கறி, கருணைக்கிழங்கு கூடாது. பீட்ரூட் கூடாது, தண்ணீரின் நிறத்தைப் பார்க்க முடியாமல் போகும். வந்ததும் பின்பக்கம் திறந்த அங்கி தருவார்கள். இடது பக்கமாகப் படுக்க வேண்டும். விரல் கனத்தில் ஒரு குழாய். வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும், வேறொரு கண்ணாடிக் குழாய் வழியாக வெளியே வரும். முக்கால் மணி நேரம். வலி இருக்காது, "அசௌகரியம்" இருக்கலாம். அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். எங்கள் தாள்களிலும் கெட்ட செய்தியை அப்படித்தான் அச்சடிப்போம்.

கையெழுத்துப் போட ஒரு ஃபாரம். இருதய நோய், குடலிறக்கம், சமீபத்தில் அறுவை சிகிச்சை என்று வரிசையாகக் கேள்விகள். ஆறாவது, மலத்தில் ரத்தம் போகிறதா. ஏழாவது, குடும்பத்தில் யாருக்காவது குடல் நோய். எல்லாவற்றுக்கும் ஒரே இழுப்பில் "இல்லை" போட்டேன். ஃபாரம் நிரப்புவதில் எனக்கு இருக்கும் வேகத்தைப் பார்த்து வரவேற்பில் இருந்த அம்மா அசந்துவிட்டார். சனிக்கிழமை காலை பத்தரைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

ஜனவரி 30, வியாழன்

ருக்மணியிடம் பீட்ரூட் பொரியல் செய்யச் சொன்னேன். "இப்ப வர்றது நாராட்ட இருக்குதுங்க, வேண்டாம்" என்றாள். கொத்தவரங்காய் செய்தாள்.

ஜனவரி 31, வெள்ளி

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜூஸ் கடையில் பீட்ரூட் ஜூஸ் இரண்டு டம்ளர் குடித்தேன். கடைக்காரர் கேரட் கலக்கட்டுமா என்றார். வேண்டாம், தனியாகவே கொடுங்கள் என்றேன். சாயங்காலம் போய் இன்னொன்று.

பீட்ரூட் உடம்புக்கு நல்லது.

இது என் சொந்த டைரி. இதில்கூட ஏன் இப்படி எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நாளைக்கு அந்தக் கண்ணாடிக் குழாயில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் கேட்பார்கள். கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வேண்டும், அதுவும் உண்மையான பதிலாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் குடித்தேன்.

பிப்ரவரி 1, சனி

ருக்மணியிடம் ஏஜென்ட்கள் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனேன். வெறும் வயிறு.

தெரபிஸ்ட் பெயர் சுதாகர். நாற்பது வயதிருக்கும், வழுக்கை, மெல்லப் பேசுகிறார். பதினோரு வருடமாக இதே வேலையாம். அங்கியைக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அந்த அங்கியைக் கட்டத் தெரியாமல் நான் இரண்டு கயிறுகளை வைத்துக்கொண்டு திண்டாடினேன்.

"இடது பக்கமா சாஞ்சு படுங்க. முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டாங்க. மூச்சை இழுத்து உடுங்க. நான் சொல்லாம எதுவும் செய்ய மாட்டனுங்க."

உண்மையிலேயே சொல்லிச் சொல்லித்தான் செய்தார். இப்போது எண்ணெய் தடவுகிறேன், இப்போது குழாய், இப்போது தண்ணீரைத் திறக்கிறேன். குழாய் போனது ஒரு நொடிதான், நான் பயந்த அளவுக்கு இல்லை. மல்லாந்து படுக்கச் சொல்லிப் போர்வையைப் போர்த்திவிட்டார். தண்ணீர் உள்ளே ஏறும்போது அடிவயிறு மெதுவாகக் கனத்தது. பிறகு அவசரம் வந்தது. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கக் காத்திருப்போமே, அந்த அவசரம்.

"வந்துருமோன்னு பயப்படாதீங்க. எல்லாம் குழாய்லயே போயிருமுங்க, வெளியே ஒரு சொட்டு வராது. வாசமும் வராது."

வரவில்லை. அது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அவர் என் வயிற்றை வலமிருந்து இடமாக வட்டமாகத் தேய்த்துக்கொண்டே, எந்த ஊர், என்ன தொழில் என்று பேச்சுக் கொடுத்தார். இன்சூரன்ஸ் என்றதும், தன் அம்மா பெயரில் ஒன்று போட வேண்டும் என்றார். உடம்பு ஒரு தடவை குளிர்ந்தது, பிறகு வேர்த்தது. அதுவும் தாளில் போட்டிருந்ததுதான். இவ்வளவுதானா, இதற்கா ஒரு வாரம் பயந்தோம் என்று நினைத்தேன்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். மெஷினில் அந்தக் கண்ணாடிக் குழாய், பின்னால் சின்ன விளக்கு. நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. சுதாகரின் கை வயிற்றில் நின்றது.

"பீட்ரூட் ஏதாச்சும் சாப்பிட்டீங்களாங்க?"

"ஆமாங்க!" என்றேன். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட சந்தோஷம் எனக்கு. "ஜூஸு. மூணு டம்ளர். தாளைச் சரியாப் படிக்காம உட்டுட்டனுங்க."

அவர் விளக்குக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். தண்ணீரை மூடினார். மெஷின் சத்தம் நின்றதும் ஏசி சத்தம் மட்டும் கேட்டது.

"சார், பீட்ரூட்டுன்னா தண்ணி பூராவும் ஒரே மாதிரி ரோசா இருக்குமுங்க. அதுவும் இருக்குது, இல்லேங்கலீங்க. ஆனா அதுக்குள்ள நூல் நூலா வேற ஒண்ணு வருதுங்க. பீட்ரூட்டு அப்படி நூல் உடாதுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருசமா இந்தக் கண்ணாடியத்தானுங்க பாத்துக்கிட்டு இருக்கறேன்."

குழாயை எடுத்துவிட்டார். இனிமேல் தான் செய்யக்கூடாது என்றார். ரத்தம் போகிற ஆளுக்கு இதைச் செய்தால் ஆபத்து, முதலில் சொல்லியிருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். ஒரு சீட்டில் குடல் டாக்டர் ஒருவர் பெயரை எழுதி என் சட்டைப்பையில் வைத்தார். இளநீர் கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை.

வரும் வழியில் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு, அந்த ஆளுக்கு என்ன தெரியும், டாக்டரா அவர் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வயிறு லேசாக இருக்கிறது என்று ருக்மணியிடம் சொன்னேன். ஏஜென்ட்கள் கூட்டத்துக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

பவானி பக்கம் இன்னொரு மையம் இருக்கிறதாம். போனில் விசாரித்தேன். ஃபாரம் எல்லாம் உண்டா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, வந்தா போதும்" என்றார்கள். எந்த இடத்தில் கேள்வியே கேட்க மாட்டார்களோ அந்த இடத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. போகவில்லை. டாக்டரிடமும் போகவில்லை.

இரண்டு பாலிசிகள் புதுப்பித்தேன். பின் டயர் மாற்றியாகிவிட்டது.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று நிறைய. பீட்ரூட் குடித்து ஆறு நாளாகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை பலகாரம் முடிந்ததும் ருக்மணி எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் ஒன்றும் இல்லை. கையில் வேலை ஏதும் இல்லாமல் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம்.

"ஏனுங்க, என்கிட்ட ஒண்ணும் சொல்லோணுமுன்னு உங்களுக்குத் தோணலீங்களா?"

"என்னத்தச் சொல்றது?"

"உங்க துணிய நாந்தானுங்க தொவைக்கறேன்."

நான் பீட்ரூட் என்றேன். வேறு என்ன சொல்ல வந்தேனோ, வாயில் வந்தது அதுதான். அவள் முகம் மாறிவிட்டது.

"கார்த்திகை தீபத்தோட இந்த ஊட்ல பீட்ரூட் வாங்கறத நிறுத்திட்டனுங்க. ரெண்டு மாசமாச்சு. பீட்ரூட்டாத்தான் இருக்கோணும் சாமின்னு நானும் வேண்டிக்கிட்டுத்தான் நிறுத்தினேன். நிக்குலீங்க. நீங்களா வாயத் தொறப்பீங்கன்னு ஒவ்வொரு நாளும் பாக்கறேன், நீங்க பாட்டுக்குப் பொரியல் கேக்கறீங்க."

அவளே மேலே பேசினாள்.

"மாமாவுக்கும் இப்படித்தானுங்க ஆரம்பிச்சுது."

இருபத்தைந்து வருடமாக எந்தத் தாளிலும் எழுதாததை இங்கே எழுதுகிறேன். என் அப்பாவுக்கு வந்தது குடல் புற்றுநோய். எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அந்த எட்டு மாதமும் அவரைத் துடைத்து, கழுவி, துணி மாற்றியது ருக்மணி. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. நான் புது ஏஜென்ட், ஊர் ஊராகப் போய்விடுவேன். போகாமல் இருந்திருக்கலாம். அந்த அறைக்குள் போக முடியாமல்தான் ஊர் ஊராகப் போனேன்.

அவளை இன்னொரு தடவை அந்த வேலையைச் செய்ய வைக்கக் கூடாது என்றுதான் சொல்லவில்லை. இதை அவளிடமே சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

"அதுக்காகச் சொல்லாம செத்துப் போயிருவீங்களாக்கும்? நெம்பப் பாசம்தான்" என்றாள். அவளும் அழுதாள். பிறகு எழுந்து, மடித்து வைத்த துணியிலிருந்து என் வெள்ளைச் சட்டையை எடுத்து, பாக்கெட்டில் இருந்த சுதாகரின் சீட்டை மேசையில் வைத்தாள். நனையாமல் எடுத்து வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

டாக்டர் வயதில் சின்னவர். குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். நாக்குக்குப் பழக்கமாகிவிட்டது.

"இருந்துதுங்க. அவங்கப்பாவுக்கு" என்றாள் ருக்மணி.

டாக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை உள்ளே கேமரா விட்டுப் பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

குடலைச் சுத்தம் செய்ய மருந்துத் தண்ணீர். கால் மணிக்கு ஒரு டம்ளர், மொத்தம் இரண்டு லிட்டர். எலுமிச்சை வாசனை, உப்புக் கரிப்பு. சுதாகரின் போர்வையும் பேச்சும் இங்கே இல்லை, நானும் பாத்ரூமும்தான். ருக்மணி கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். ஏழாவது டம்ளரில் "போதும்டி" என்றேன். "அந்தக் கடையில மூணு டம்ளரு ஆசையாக் குடிச்சீங்களே, இதையும் குடிங்க" என்றாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டதன் விளைவு.

எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தாறு. எனக்கு ஐம்பத்து நான்கு.

பிப்ரவரி 14, வெள்ளி

ஊசி போட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. எழுந்தபோது ருக்மணியின் கை என் நெற்றியில் இருந்தது. குடலுக்குள் மொட்டு மாதிரி இரண்டு சதை வளர்ச்சி இருந்ததாம், ஒன்று சுண்டைக்காய் அளவு. இரண்டையும் வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆறு நாள் காத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

காத்திருக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

புற்றாக மாறவில்லை. இன்னும் இரண்டு மூன்று வருடம் விட்டிருந்தால் பெரிய மொட்டு மாறியிருக்கும் என்றார் டாக்டர். எடுத்தாகிவிட்டது, வருடம் ஒரு முறை பார்த்தால் போதும். ருக்மணி அங்கேயே டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார்.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா சார்?"

"ஒரு தங்கச்சிங்க. நாப்பத்தெட்டு வயசு."

"அவங்களையும் உடனே பார்க்கச் சொல்லுங்க. அப்பாவுக்கு இருந்தது அவங்களுக்குத் தெரியும்ல?"

ருக்மணி என்னைப் பார்த்தாள். இந்த முறை அவள் எனக்காகப் பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

கோகிலாவுக்குத் தெரியாது.

அப்பா படுத்தபோது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். படுத்த மூன்றாம் மாதம் அவள் தலைமுழுகாமல் இருக்கிறாள் என்று தகவல் வந்தது. மசக்கைக்காரியிடம் சொல்லக் கூடாது, அவள் வந்து பார்க்கவும் கூடாது என்று சொந்தத்தில் எல்லோரும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு வயிற்றுப் புண், தேறி வருகிறார் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தோம். அப்பா இறந்தபோது அவளுக்கு ஏழாம் மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்கு வரக் கூடாது. திடீரென்று மாரடைப்பு என்று சொன்னேன். அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிள்ளை பிறந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். சீக்குக் குடும்பத்தில் பெண் எடுத்துவிட்டோம் என்று அவள் மாமியார் பேசும், விட்டுவிடு என்றார் பெரியப்பா. விட்டுவிட்டேன். அப்புறம் அது அப்படியே உண்மையாகிவிட்டது. பாலிசியில் எழுதும்போது எனக்குக் கை கூசவே இல்லை.

போனை மூன்று தடவை எடுத்தேன். ஒரு தடவை அவளுக்கே அடித்துவிட்டு, பையனுக்குப் பெண் அமைந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

போனில் முடியாது என்று இரண்டு பேருமாகக் கோயம்புத்தூர் போனோம். தங்கச்சி மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்தார். கோகிலா சந்தகை பிழிந்து வைத்திருந்தாள். சாப்பிட்டால் பேச மாட்டேன் என்று தெரியும். அதனால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் மொட்டு, அப்பாவின் நோய், எட்டு மாதம், மாரடைப்பு.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தேங்காய்ப்பால் பாத்திரத்தை மூடி வைத்தாள், பிறகு திறந்து மறுபடி மூடினாள்.

"அண்ணா, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எனக்கும் ரத்தம் போச்சுங்ணா. லேடி டாக்டருகிட்டப் போனேன். குடும்பத்துல யாருக்காச்சும் குடல்ல கேன்சர் இருந்துச்சான்னு கேட்டாங்கொ. எங்கப்பா ஹார்ட் அட்டாக்குங்கன்னு சொன்னேன். அப்படீன்னா மூலமாத்தான் இருக்குமுன்னு களிம்பு குடுத்து அனுப்பிச்சாங்கொ."

"இப்ப?" என்றாள் ருக்மணி.

"நடுவால நின்னுச்சு. இப்ப ஆறு மாசமா மறுபடியும் போவுதுங்க அண்ணி. அதுக்குத்தான் அந்த மெசினுக்குப் போனேன். எல்லாத்தையும் கழுவி உட்டா செரியாயிருமுன்னு."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த டாக்டர் என் தங்கையிடம் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவளும் தனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். பொய் அவளுடையது இல்லை, என்னுடையது.

சந்தகையை யாரும் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

என் டாக்டரிடமே கோகிலாவுக்கு நேரம் வாங்கினேன். சனிக்கிழமை காலை.

பிப்ரவரி 28, வெள்ளி

கோகிலாவும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். மருந்துத் தண்ணீரைக் கோகிலா குடிக்க, ருக்மணி மறுபடியும் கடிகாரத்தோடு உட்கார்ந்தாள். என்னால் ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. மோட்டார் போட்டேன், நிறுத்தினேன், மறுபடி போட்டேன். மாப்பிள்ளை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பேசாதது நியாயம்தான்.

மார்ச் 1, சனி

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் மாப்பிள்ளையையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். கட்டி இருக்கிறது. என்னுடையதைப் போல வெட்டி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற அளவு இல்லை. பார்த்தாலே தெரிகிறது என்றார், ஆனாலும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். ஸ்கேன் எடுக்க வேண்டும், அறுவை சிகிச்சை கட்டாயம். பரவாமல் இருந்தால் நல்லபடியாகக் காப்பாற்றிவிடலாம், பரவியிருக்கிறதா என்று ஸ்கேனில்தான் தெரியும்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பாத்திருந்தா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

அப்போது இது மொட்டாக இருந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை ஸ்கேனுக்குச் சீட்டு வாங்கப் போனார், ருக்மணி அவர்கூடப் போனாள். கோகிலாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். மயக்கம் தெளிந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

"அண்ணா" என்றாள். நாக்கு இன்னும் குழறியது. "அப்பாவுக்கு வலிச்சுதுங்களா?"

ஒன்றுமில்லை அம்மிணி, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்வதற்கு வாய் தயாராக இருந்தது. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், எனக்கு அது மூச்சு விடுவது போல. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிச்சுது கண்ணு. நெம்ப வலிச்சுது."

அவள் கண்ணோரத்திலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினாள், கையில் ஊசி இருந்தது, நான் துடைத்துவிட்டேன்.

"என்னக் கேட்டாருங்களா?"

"தினமும் கேட்டாரு. பஸ் சத்தம் கேட்டா அம்மிணி வந்திருச்சான்னு கேப்பாரு. நாளைக்கு வருதுன்னு சொல்லுவேன். கடைசி நாளும் அப்படித்தான் சொன்னேன்."

கோகிலா என் கையை விடவில்லை. மாப்பிள்ளையும் ருக்மணியும் சீட்டோடு திரும்பி வந்து கதவருகே நின்றார்கள். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை.

"முதல்ல இருந்து சொல்லுங்கண்ணா" என்றாள். "ஒண்ணையும் உடாம சொல்லுங்க."

சொன்னேன். அப்பாவின் அறைக்குள் நடந்ததில் எனக்குத் தெரியாததை, கதவருகே நின்றபடியே ருக்மணி சொன்னாள்.